ஒரு ரிப்போர்ட்டில் 56, அடுத்ததில் 34: மகளுக்கு வொன் வில்லிபிராண்ட் நோய் இருக்கிறதா, இல்லையா?

கடற்கரை வீதி:

வணக்கம், வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்னால் எல்லோரும் "இரும்புச்சத்துக் குறைவு, பேரீச்சம்பழம் கொடுங்கோ" என்று முடித்துவிடுகிறார்கள்.

மகளுக்கு 16 வயது. சாமத்தியப்பட்டதில் இருந்தே மாதவிடாய் வந்தால் ஒரு கிழமை தாண்டியும் நிற்காமல் போகும். முதல் இரண்டு நாளும் மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாற்ற வேண்டும், கட்டி கட்டியாகப் போகும், பள்ளிக்கூடம் போக முடியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அம்மாவுக்கும் அப்படித்தானாம், "எங்கட பக்கத்துப் பெண்களுக்குச் சூட்டு உடம்பு" என்பது வீட்டில் வழக்கமான பேச்சு.

போன மாதம் தலை சுற்றி விழுந்துவிட்டாள். ஹீமோகுளோபின் 6.9. வோட்டில் வைத்து இரத்தம் ஏற்றினார்கள். அங்கே இருந்த ஒரு இளம் டொக்டர்தான் மூக்கால் இரத்தம் வருமா, பல்லுப் பிடுங்கியபோது என்ன நடந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். கேட்கக் கேட்க எனக்கே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மகளுக்குச் சின்ன வயதில் இருந்து மூக்கால் வரும், நிற்க நேரம் எடுக்கும். அண்ணாவுக்குக் கடவாய்ப் பல் பிடுங்கிய அன்று இரவு முழுக்க நிற்காமல் விடிய தலையணை எல்லாம் இரத்தம். எனக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்த பிறகு வீட்டுக்கு வந்தும் போய்க்கொண்டே இருந்தது.

வோட்டில் இருக்கும்போது எடுத்த சோதனையில் வொன் வில்லிபிராண்ட் (இரத்தம் உறைய உதவும் ஒரு புரதமாம்) அளவு 56, நோர்மல் என்று எழுதியிருந்தது. பிளேட்லெட்டும் சரியாம். அப்புறம் அவள் தேறிய பிறகு ஹீமட்டொலஜி (இரத்தநோய்) கிளினிக்கில் திரும்ப எடுத்தார்கள், 34. இரத்த வகை ஓ பொசிட்டிவ். "டைப் 1 ஆக இருக்கலாம், இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்போம்" என்றார் பெரிய டொக்டர். கிளினிக்கில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

எந்த நம்பரை நம்புவது? ஓ வகைக்காரருக்கு இயல்பாகவே குறைவு என்று எங்கேயோ வாசித்தேன், அப்படியானால் இது நோயே இல்லையா? ஹீமோஃபிலியா பெண்களுக்கு வராது என்கிறார்கள், இதுவும் அதுவும் ஒன்றா? மகனுக்கு 9 வயது, டொன்சில் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள், அவனுக்கு இதுவரை ஒன்றுமே இல்லை, அவனுக்கும் பார்க்க வேண்டுமா?

---

இயற்கை வாசி:

இதற்கெல்லாம் ஏன் பயம் அக்கா. பப்பாளி இலைச் சாறு காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள், டெங்குக்கே பிளேட்லெட் ஏறுகிறது. மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அசிட் பாமசியில் கேட்டால் தருவார்கள், இரத்தப்போக்கையும் குறைக்கும். சோதனை சோதனை என்று காசை இறைக்காதீர்கள்.

---

லேப் கோட்:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பிள்ளைக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அக்காவே எழுதியிருக்கிறார், அதை ஏற்றி என்ன செய்வது? மெஃபனமிக் அசிட், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் எல்லாமே பிளேட்லெட் வேலை செய்வதைக் குழப்பும் மருந்துகள். சாதாரணப் பெண்ணுக்கு மாதவிடாய்க்கு மெஃபனமிக் கொடுப்பது உண்மைதான், ஆனால் இரத்தம் உறைவதில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகம் இருக்கும் பிள்ளைக்கு இரத்தநோய் டொக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வலிக்குப் பனடோல், அவ்வளவுதான்.

நான் டொக்டர் இல்லை, ஆய்வுகூடத்தில் இரத்தம் உறைதல் சோதனைகள் செய்கிற பகுதியில் வேலை. அதனால் நம்பர்களைப் பற்றி மட்டும் என்னால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியும்.

முதலில் இது என்ன சாமான் என்று தெரிய வேண்டும். வேலி அடைக்கும்போது ஓலையை எவ்வளவு அடுக்கினாலும் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் நிற்காது. இரத்தக் குழாயில் காயம் பட்ட இடத்தில் பிளேட்லெட்டுகளைப் பிடித்துக் கட்டுகிற அந்தக் கயிறுதான் வொன் வில்லிபிராண்ட் ஃபக்டர் என்ற புரதம். ஓலை, அதாவது பிளேட்லெட், நிறைய இருக்கும், எண்ணினால் சரியாகத்தான் வரும், ஆனால் கட்டு நிற்காது. இதற்கு இரண்டாவது வேலையும் உண்டு: ஃபக்டர் 8 என்ற இன்னொரு உறைதல் புரதத்தைத் தன்னோடு சேர்த்து வைத்துக்கொண்டு அது சீக்கிரம் அழிந்துபோகாமல் காப்பது. அதனால் இது மிகவும் குறைந்தால் ஃபக்டர் 8உம் குறையும். லேசான குறைவில் அப்படிப் பெரிதாகக் குறையாது, ஏபிடிடி என்ற சாதாரண சோதனை நோர்மலாகவே வரும். "இரத்தம் உறையும் சோதனை எல்லாம் செய்தாச்சு, ஒன்றும் இல்லை" என்று பல பெண்கள் திரும்பி வருவது இதனால்தான். பிடி (இன்னொரு உறைதல் சோதனை), ஏபிடிடி, பிளேட்லெட் மூன்றும் சரியாக இருந்தும் இந்த நோய் இருக்கலாம், தனியாகக் கேட்டுச் செய்தால்தான் தெரியும்.

இப்போது 56, 34. இந்தப் புரதம் ஒரே அளவில் இருப்பதில்லை. காய்ச்சல், அழற்சி, மனப்பதற்றம், ஓட்டம், கர்ப்பம், ஈஸ்ட்ரஜன் மாத்திரை எல்லாம் இதை ஏற்றிவிடும். ஊசியைக் கண்டு குழறி அழுகிற சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த நேரத்தில் ஏறும். உங்கள் மகள் ஹீமோகுளோபின் 6.9இல் வோட்டில் படுத்திருந்த நேரத்தில் எடுத்த 56, அவளுடைய வழக்கமான அளவாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த நிலையிலும் 56தான் என்றால் அதுவே கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. தேறிய பிறகு அமைதியாக எடுத்த 34க்குத்தான் எடை அதிகம். டொக்டர் திரும்பவும் கேட்பது அலைக்கழிக்க இல்லை, இந்த நோயை ஒரு சோதனையோடு முடிவு செய்வதே இல்லை.

சாதாரண எல்லை கிட்டத்தட்ட 50இல் இருந்து 200 வரை. 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டல்படி 30க்குக் கீழே இருந்தால் இரத்தப்போக்கு வரலாறு இல்லாவிட்டாலும் நோய் என்றே எடுப்பார்கள். 30க்கும் 50க்கும் இடையில் என்றால் இரத்தப்போக்கு வரலாறும் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் மகள் 34, வரலாறு மூன்று தலைமுறைக்கு நீள்கிறது. முடிவைச் சொல்ல வேண்டியவர் டொக்டர், ஆனால் அந்த இளம் டொக்டர் கேட்டு எழுதியது ரிப்போர்ட்டுக்குச் சமமான சான்று.

ஓ வகை பற்றி நீங்கள் வாசித்தது சரி. மற்ற வகைக்காரரை விட அவர்களுக்குச் சராசரியாக 25 வீதம் அளவில் குறைவாக இருக்கும். ஆனால் ஓ வகைக்காரர் எல்லோரும் இரத்தம் ஏற்றும் நிலைக்குப் போவதில்லையே. குறைவுக்கு அது ஒரு பங்குக் காரணம், அதைச் சொல்லி மிச்சத்தைத் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று. சாம்பிள் நீல மூடிக் குழாயில் சரியாகக் கோடு வரைக்கும் நிரம்ப வேண்டும், அதை ஐஸில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. குளிரில் வைத்தால் இந்தப் புரதத்தின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். வெளியில் ஒரு இடத்தில் இரத்தம் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புவதை விட, சோதனை செய்கிற இடத்துக்கே போய்க் கொடுப்பது நல்லது. அளவு மட்டும் பார்க்காமல் அது வேலை செய்கிறதா என்று காட்டும் அக்டிவிட்டி சோதனையும் ஃபக்டர் 8உம் சேர்த்தே கேட்டிருப்பார்கள், படிவத்தில் பாருங்கள். அளவும் அக்டிவிட்டியும் சேர்ந்து குறைந்தால் டைப் 1. அளவுக்குப் பொருந்தாமல் அக்டிவிட்டி இன்னும் கீழே போனால் டைப் 2, அதாவது புரதம் இருக்கிறது, ஆனால் பழுது. புரதமே இல்லாத அளவுக்கு என்றால் டைப் 3, அது அரிது. பெரும்பாலானவர்கள் டைப் 1தான்.

---

ரஜி_தெஹிவளை:

தங்கச்சி, எனக்கு டைப் 1. எனக்கு இந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னதே முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான், அதுவரை நானும் "சூட்டு உடம்பு"தான்.

உங்கள் பிரசவக் கதையை வாசித்தபோது என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. கர்ப்பத்தில் இந்த அளவு தானாகவே ஏறும், எனக்குக் கடைசி மாதங்களில் சாதாரண ஆட்கள் மாதிரி வந்துவிட்டது, பிரசவமும் சுகமாக முடிந்தது. ஆபத்து அதற்குப் பிறகு. பிள்ளை கிடைத்ததும் அளவு படிப்படியாகப் பழையபடி இறங்கும், அதனால் இரண்டாவது கிழமையில் வீட்டில் பத்தியக்கறி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று போகத் தொடங்கும். என்னுடைய விஓஜியும் (பிரசவ டொக்டர்) ஹீமட்டொலஜி டொக்டரும் பேசி ட்ரனெக்ஸாமிக் அசிட் மாத்திரை முன்கூட்டியே தந்து அனுப்பினார்கள். நீங்களும் உங்களுக்குச் சோதனை செய்யுங்கள். மகளுக்காக ஓடித் திரிகிறீர்கள், நாளைக்கு உங்களுக்கு ஒரு ஒப்பரேஷன் என்று வந்தால்?

மருந்து என்று பார்த்தால் தினமும் விழுங்குகிற மருந்து எதுவும் எனக்கு இல்லை. மாதவிடாய் நாட்களில் ட்ரனெக்ஸாமிக் அசிட், உருவான கட்டி சீக்கிரம் கரையாமல் அது பிடித்துவைக்கும். பல்லுப் பிடுங்கியபோது டெஸ்மோபிரெசின் ஊசி போட்டார்கள். குழாய்ச் சுவரின் செல்களுக்குள் சேமித்து வைத்திருக்கும் புரதத்தை அது வெளியே தள்ளிவிடுமாம், அதனால் வெளியில் இருந்து எதுவும் ஏற்றாமலே அளவு ஏறுகிறது. ஆளுக்கு ஆள் வேலை செய்வது வேறுபடும் என்று முதலில் ஒருநாள் வரச்சொல்லிப் போட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். போட்ட அன்று தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டும், உடம்பு நீரைப் பிடித்துவைத்து உப்பு இறங்கிவிடும், இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே பெயரில் படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளைகளுக்கு மருந்து வரும், அது இந்த வேலைக்குப் போதாது, பாமசியில் பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

டெங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், கொழும்பில் இருந்துகொண்டு அதை விட முடியாது. எங்களுக்குக் கட்டுக் கயிறு குறைவு, டெங்கு வந்தால் ஓலையும் குறையும் (லேப் தம்பியின் கணக்கில்). காய்ச்சல் என்றால் முதல் நாளே எஃப்பிசி (இரத்த அணுக்களை எண்ணும் சோதனை) எடுத்து, இந்த வருத்தம் இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியையும் நீட்டுங்கள். கொப்பியை எல்லோரும் திறந்து பார்ப்பதில்லை.

---

மருதானை நானா:

சகோதரி, ஹீமோஃபிலியாவும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ராத்தாவின் மகனுக்கு ஹீமோஃபிலியா ஏ, அதனால் இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவனுக்குச் சுன்னத் செய்த அன்றுதான் தெரிய வந்தது. இரத்தம் நிற்கவே இல்லை, துணி மாற்றி மாற்றிக் கட்டியும் நிற்காமல் ராவோடு ராவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்கு ஆண் பிள்ளை பிறந்தாலும் முதலில் இரத்தச் சோதனை, பிறகுதான் சுன்னத்.

ஹீமோஃபிலியா ஏ என்றால் ஃபக்டர் 8 குறைவு, பி என்றால் ஃபக்டர் 9. அந்த மரபணுக்கள் இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் சுமப்பாள், மகனுக்கு வெளியே வரும், ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி. சுமக்கிற பெண்களிலும் சிலருக்கு அளவு குறைந்து இரத்தப்போக்கு வரும், "பெண்களுக்கு வராது" என்பது முழு உண்மை இல்லை, ராத்தாவுக்கே ஃபக்டர் 8 குறைவுதான். வொன் வில்லிபிராண்ட் மரபணு 12ஆவது குரோமோசோமில். ஆண், பெண் என்ற பேதம் அதற்கு இல்லை. இரத்தம் வரும் இடமும் வேறு. எங்கள் பிள்ளைக்கு முழங்கால் மூட்டுக்குள் இரத்தம் போய் வீங்கும், உங்கள் மகளுக்கு மூக்கு, முரசு, மாதவிடாய். டைப் 3 மாதிரிக் கடுமையாக இருந்தால் மூட்டிலும் வரலாம் என்று சொல்வார்கள்.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையும் ஒரு பெண் பிள்ளையில்தான் தொடங்குகிறது. ஃபின்லாந்தில் எரிக் வொன் வில்லிபிராண்ட் என்ற டொக்டரிடம் ஓலாந்து தீவுகளில் இருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள், அவளுடைய சகோதரிகள் சிலர் அதற்கு முன்பே இரத்தப்போக்கில் இறந்திருந்தார்கள். பெண்களுக்கு இவ்வளவு வருகிறதே, இது ஹீமோஃபிலியா இல்லையே என்று அந்தக் குடும்பத்தையே ஆராய்ந்து 1926இல் எழுதினார். அந்தப் பிள்ளை பிறகு நான்காவது மாதவிடாயிலேயே இறந்துபோனாள். நூறு வருடம் முன்பு மருந்து இல்லை, இப்போது இருக்கிறது. நம் பெண்கள் சூடு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் கிடப்பதைப் பார்க்கத்தான் கோபம் வருகிறது.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் ஹீமோஃபிலியாவுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, இலங்கை ஹீமோஃபிலியா சங்கமும் இருக்கிறது, இரத்தம் உறைதல் சம்பந்தப்பட்ட மற்ற நோய்கள் பற்றியும் அங்கே விசாரிக்கலாம். டெஸ்மோபிரெசின் வேலை செய்யாதவர்களுக்கு ஃபக்டர் ஊசி, அது இல்லாத இடத்தில் இரத்த வங்கி பிளாஸ்மாவில் இருந்து தயாரிக்கும் கிரையோ ஏற்றுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இவற்றுக்குக் காசு கேட்க மாட்டார்கள், தனியாரில் காசு கட்டி சனல் பண்ணித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை.

---

கடற்கரை வீதி:

எல்லோருக்கும் நன்றி. லேப் கோட் சொன்ன அக்டிவிட்டியைப் படிவத்தில் பார்த்தேன், 31. அளவு 34, அக்டிவிட்டி 31, அப்படியானால் இரண்டும் சேர்ந்துதான் குறைந்திருக்கிறது என்று எடுக்கலாமா?

இரண்டு விஷயம் இன்னும். டொக்டர் மாதவிடாயை அடக்க ஹோர்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார். மாமி பெட்டியைப் பார்த்துவிட்டு "இது மிதுரி மாதிரிக் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எல்லோ, கலியாணம் கட்டாத பிள்ளைக்கு இதென்ன வேலை" என்று வீட்டில் ஒரே பிரச்சினை.

மற்றது, மகளை அண்ணாவின் மகனுக்கு என்று சின்ன வயதில் இருந்தே வீட்டில் மச்சான் மச்சாள் என்று கேலி செய்வார்கள். அவள் இப்போது படிக்கட்டும், அது வேறு கதை. ஆனால் அண்ணாவுக்கும் இது இருக்கிறது என்றால் சொந்தத்துக்குள் செய்வது சரியா?

---

ரஜி_தெஹிவளை:

மாமியிடம் மெதுவாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இரத்தம் ஏற்றிக்கொண்டு வோட்டில் படுத்திருந்தது நல்லதா, மாத்திரை குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவது நல்லதா? அந்த மாத்திரை கர்ப்பப்பையின் உள்தோலைத் தடிக்கவிடாது, அதனால் போகிற இரத்தம் குறையும், பிறகு நிறுத்தினால் பிள்ளை பெறுவதற்கும் தடை இல்லை. தலைவலி (மைக்ரேன்), காலில் இரத்தக் கட்டி மாதிரி ஏதாவது குடும்பத்தில் இருந்தால் மட்டும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையையும் ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு) ஏற மாதக்கணக்கில் எடுக்கும். தேத்தண்ணியோடு குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது, எங்கள் வீடுகளில் அதுதான் நடக்கிறது.

---

லேப் கோட்:

34உம் 31உம் பக்கத்துப் பக்கத்து நம்பர்கள், டைப் 1 பக்கம்தான் காட்டுகிறது, மூன்றாவது சோதனையோடு டொக்டர் உறுதியாகச் சொல்வார். ஒரு விஷயம், மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் இருந்தால் அளவு ஏறிக் காட்டலாம். அந்தச் சோதனையை மாத்திரை தொடங்க முன் எடுப்பதா, பிறகு எடுப்பதா என்று இந்தக் கிழமையே கிளினிக்கில் கேளுங்கள். முன்னதாக எடுப்பதென்றால் மாதவிடாயின் முதல் சில நாட்கள் நல்ல நேரம், அப்போதுதான் அளவு கீழே இருக்கும். நீங்களாக மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கலியாண விஷயம். டைப் 1 பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடம் இருந்து வந்தாலே போதும், பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதே குடும்பத்தில் ஒருவருக்கு மூக்கால் மட்டும் வரும், இன்னொருவர் உங்கள் மகள் மாதிரிப் படுத்துவிடுவார், அளவு ஒன்றாக இருந்தாலும் வெளியே தெரிவது வேறு. சொந்தத்துக்குள் என்று வரும்போது கணக்கு மாறும். உங்கள் மகளுக்கும் அண்ணாவின் மகனுக்கும் ஒரே பழுதான மரபணு வந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இரண்டு பக்கமும் பழுதாக வர. அப்படி வந்தால் புரதம் ஏறக்குறைய இல்லாத டைப் 3 ஆகலாம், அது நீங்கள் இதுவரை பார்த்த வருத்தம் மாதிரி இருக்காது. சொந்தத்துக்குள் மணம் முடிக்கிற சமூகங்களில் டைப் 3 கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். மருமகனுக்கு வந்திருக்கிறதா என்பது அவனைச் சோதித்தால்தான் தெரியும், அண்ணாவையும் அவனையும் கிளினிக்குக்கு அனுப்புங்கள். வெளியில் செய்தால் இந்தப் பயம் மிகக் குறைவு, இந்த வருத்தம் உள்ள பெண் கலியாணம் கட்டிப் பிள்ளை பெறுவதில் சிக்கல் இல்லை, ரஜி அக்காவே சாட்சி.

மகனின் டொன்சில்: கட்டாயம் சோதனை, ஒப்பரேஷனுக்கு முன். ஆண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் இல்லாததால் இது வெளியே தெரியாமலே கிடக்கும், கத்தி வைக்கும்போதுதான் காட்டும். டொன்சிலில் அன்றைக்கு நின்றாலும் ஒரு கிழமை கழித்துப் பொருக்கு விழும்போது இரண்டாவது தரம் வரலாம். ஈஎன்டி டொக்டரிடம் மகளின் ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்லுங்கள், அவசரம் இல்லாவிட்டால் அவரே தள்ளிப்போடுவார்.

---

கடற்கரை வீதி:

ஈஎன்டி கிளினிக்கில் சொல்லியாயிற்று, திகதியை நிறுத்திவைத்து ஹீமட்டொலஜிக்குக் கடிதம் தந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாகவே இரத்தம் கொடுக்கப் போகிறோம், அண்ணாவையும் இழுத்துக்கொண்டு. மகன் ஊசி என்றாலே ஒப்பாரி வைப்பான், அழுதால் அளவு ஏறுமென்று சொன்னீர்களே, அதற்கு ஏதாவது வழி?

---

லேப் கோட்:

முதலில் அவனுக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு ஊசி போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க விடாதீர்கள். ஓடி விளையாடிவிட்டு வந்து உடனே உட்கார வேண்டாம், ஒரு இருபது நிமிடம் சும்மா இருக்கட்டும். அப்படியும் குழறினால் எடுப்பவரிடம் சொல்லிப் படிவத்தில் "எடுக்கும்போது அழுதான்" என்று எழுதச் சொல்லுங்கள். எல்லையை ஒட்டி வந்தால் டொக்டருக்கு அந்த ஒரு வரி போதும், திரும்ப எடுக்கச் சொல்வார். எடுத்த இடத்தைத் தேய்க்காமல் ஐந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நால்வரும்தான்.